போனவர் யார் என்று கேட்டபோது

என் பிரியமுள்ள சந்தனத்துக்கு,

நீ கண்ணை மூடி ஒரு மாதமாகிறது. காய்ச்சல்காரனுக்கு லீவு கொடுக்கக்கூட உன் பள்ளிக்கூடத்தில் மாற்று வாத்தியார் இல்லை, கடைசிவரை காய்ச்சலோடேயே பாடம் நடத்தினாய் என்று கேள்விப்பட்டேன். பிடிவாதக்காரன் நீ, எப்போது யார் சொல்லிக் கேட்டாய்?

புதுக்கோட்டையில் நாம் காலேஜ் படிக்க வந்தபோது நமக்கு ரூம் பிடித்தது நான்தான். மீமிசலில் மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை என்றால் அந்தத் தெருவில் யாரும் இடம் தரமாட்டார்கள். அதனால் உன் அப்பாவுக்கு அறந்தாங்கியில் வெல்லக்கடை என்று வீட்டுக்காரரிடம் அளந்து விட்டேன். உனக்குத் தெரிந்தபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது உன் அப்பா வந்தார். ஓலைப்பெட்டி நிறையக் கருவாட்டை வாசலிலேயே கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பிவிட்டார். போனவர் யாரென்று வீட்டுக்காரர் கேட்டார். கடையில் வேலை செய்கிற ஆள் என்று நான் முந்திக்கொண்டேன்.

நீ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாய்.

“இல்லீங்க. போனவரு எங்கப்பா. கடலுக்குப் போறவரு.”

சாயங்காலத்துக்குள் உன்னைக் காலி செய்யச் சொன்னார் வீட்டுக்காரர். தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ இறங்கினாய். நான் இறங்கவில்லை, சந்தனம். பரீட்சை முடியட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் பெட்டியோடு சந்தைப்பேட்டைக்கு வந்து, வண்டிக்கொட்டகையில் உன்னைக் கண்டுபிடித்தேன். ஏன் இத்தனை நாள் என்று நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

“இங்கிட்டுப் படு. அங்கிட்டு ஒழுகும்” என்று பாயை நகர்த்தினாய். அவ்வளவுதான். அந்தக் கொட்டகையிலிருந்தே நாம் இருவரும் பாஸ் செய்தோம்.

உன் பதினாறாம் நாளுக்கு மீமிசல் போயிருந்தேன். நல்ல ரூமை ஏன் விட்டீர்கள் என்று அப்பா கேட்டார். காலேஜுக்குத் தூரம் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாயாமே. என்னால் அதைத் திரும்பச் சொல்ல முடியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து.

அவர், “அந்த வீட்டுல நின்னு என்னைய அப்பான்னு சொன்னானா?” என்றார். ஆமாம் என்றேன். கரையில் நின்றவர்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அழுதுகொண்டே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உன்னோடு ஒரே அறையில் இருந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

வருஷா வருஷம் உன் நினைவு நாளில் அங்கே போவேன். அவர் கேட்கும்போதெல்லாம் சொல்வேன். நான் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளை ஒருபோதும் சொல்லாமல் விட மாட்டேன்.

இப்படிக்கு,
கடை ஆள் என்று தான் சொன்னவரை இனி அப்பா என்றே கூப்பிடப்போகும் உன் சகோதரன்,
கீரமங்கலம் சுப்பையா