வில்முடிக்கு எண்ணெய்

சுபானு வருஷம், புரட்டாசி 15, வெள்ளி

மேல்காற்று இன்னும் அடங்கவில்லை. முற்றத்தில் காயப்போட்ட வடகமெல்லாம் மணல்.

எண்ணெய்க் குளியல் நாள். தம்பி மகள் செண்பகத்துக்குத் தலை நிறைய நல்லெண்ணெய். எட்டு வயதில் என்ன முடி! பக்கத்தில் அவளுடைய பிடில், தம்பி கொழும்பிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. வில்லைப் பார்க்கவே பாவமாக இருந்தது. குதிரைவால் முடியாம். காய்ந்துபோய், வெள்ளை வெள்ளையாகப் பொடுகு. சரஸ்வதி குடியிருக்கிற பொருளை இப்படியா வைப்பது? கையிலிருந்த எண்ணெயை அதற்கும் நீவிவிட்டேன்.

"அத்த, அதுக்குமா?"

"ஏளா, அதுவும் முடிதான?"

சரஸ்வதி பூசைக்கு ஆறு நாள். கோமதி டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஏழு பிள்ளைகளும் சேர்ந்து சரளி வரிசை வாசிக்க வேண்டும். டீச்சர் பட்டணத்துக் குண்டு பயத்தில் பிறந்த ஊருக்கு வந்தவர். தம்பி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். கோயிலில் நான் சொன்னேன்.

16, சனி

வகுப்புக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஒரே பாயில் ஏழு பேர். ஆறு பிடில் பாடின. செண்பகம் இழுக்கிறாள், இழுக்கிறாள், வெறும் காற்றுச் சத்தம்.

பக்கத்துப் பிள்ளை, "ஏளா, ஒன் பிடிலுக்குத் தொண்ட கட்டிட்டு." எல்லாரும் சிரிப்பு.

டீச்சர் வில்லை முகர்ந்து பார்த்தார். "நல்லெண்ண. குங்கிலியப் பொடி இருந்தாத்தான முடி கம்பியப் பிடிக்கும். எண்ண பட்டா வழுக்கிரும். இந்தச் சண்டக் காலத்துல புது முடிக்கு எங்க போக? யாரு தேய்ச்சது?"

"தெரியல டீச்சர்" என்றாள் செண்பகம்.

"அப்ப வியாழக்கிழம நீ தாளம் மட்டும் போடு."

நான் அங்கேதான் இருந்தேன். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாய், திறக்கவில்லை.

வருகிற வழியில், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒன்னய எல்லாரும் சிரிப்பாவ அத்த."

எழுதி வைக்கிறேன்: இப்படி ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் பிறந்திருக்கிறது.

17, ஞாயிறு

முருகனுக்கு விளக்கு. மண்ணெண்ணெய் வரிசைக்குத் தம்பி பெண்டாட்டியை அனுப்பிவிட்டு, வில்லை எடுத்துக்கொண்டு நேரே டீச்சர் வீடு.

"எண்ண போட்டது நான்தான். பிள்ளைய ஏசாதிய."

"எதுக்குப் போட்டிய?"

"பொடுகுன்னு நெனச்சேன்."

டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கட்டும்.

"எண்ணத் தலைக்கு என்ன போடுவோம்? சீயக்கா. இதுக்கும் போட்டுப் பாப்பமே" என்றேன். அவருக்குச் சந்தேகம்தான். "கெட்டது கெட்டாச்சு, போடுங்க" என்று வில்லின் திருகாணியைக் கழற்றி முடியைத் தொங்கவிட்டுத் தந்தார். கட்டை நனையக் கூடாதாம். மூன்று தடவை சீயக்காய், மூன்று தடவை நல்ல தண்ணீர். நிழலில் தொங்கவிட்டாயிற்று.

19, செவ்வாய்

முடி காய்ந்தது. டீச்சர் திரும்பப் பூட்டிக் குங்கிலியக் கட்டியைத் தேய்த்தார். முதல் இழுப்பு, ஒன்றுமில்லை. மறுபடி தேய்ப்பு. நாலாம் இழுப்பில் 'ச' வந்தது, கரகரவென்று. செண்பகம் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

21, வியாழன். சரஸ்வதி பூசை

அவல், பொரி, சுண்டல். கூடத்தில் நிற்க இடமில்லை. தம்பி கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டான்.

ஏழு வில்லும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. செண்பகத்தின் சத்தம் எது என்று காதைத் தீட்டித் தேடினேன். பிரிக்க முடியவில்லை. இதைவிட என்ன வேண்டும்.

பக்கத்தில் புதிதாகச் சேரப்போகிற ஒரு பிள்ளையின் தாய். "எது ஒங்க பிள்ள?" என்றாள். கடைசியில் இருக்கிறவள், என் மருமகள் என்றேன். கேட்காமலே எண்ணெய்க் கதையையும் சொன்னேன். என்னைக் காட்டிக்கொடுக்காத பிள்ளை என்று சொல்ல அது வேண்டியிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "நல்லவேள சொன்னிய மதினி. நேத்துத்தான் எங்க பிடில் வந்துது. நாளைக்கு வெள்ளிக்கிழம, வில்லுக்கும் தேய்க்கணும்னு எண்ண காய்ச்சி வச்சிருக்கேன்."