ஏர்கண்டிஷன் அருகே அடித்த களை மருந்து

அனுப்புநர்:
அம்மாக்கண்ணு, க/பெ இருளப்பன்,
களையெடுப்புத் தொழிலாளி,
ஹாதர்லி தேயிலைத் தோட்டம், கம்போங் ராஜா.

பெறுநர்:
தொழிலாளர் இலாகா அதிகாரி அவர்கள்,
தானா ராத்தா.

பொருள்: களை மருந்தால் பிள்ளைகள் நோயுற்றது, உண்மை மறைக்கப்படுவதாகச் சந்தேகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தேயிலைப் பொட்டலங்கள் ஈரம் கொள்ளாதிருக்க எங்கள் ஸ்டோருக்குச் சென்ற ஆண்டு ஏர்கண்டிஷன் வைத்தார்கள். அதன் இயந்திரம் வெளிச்சுவரோரம் இருக்கிறது. அதில் கொடியும் புல்லும் ஏறாமல் நான்தான் கையால் பிடுங்கி வந்தேன். இயந்திரம் காற்றைத் தள்ளும் பக்கத்தில், பத்தடி தூரத்தில், பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகை உள்ளது.

2. கடந்த சனிக்கிழமை தோட்ட ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி திரு. ராதாகிருஷ்ணன், இனி மருந்துதான் அடிக்க வேண்டும் என்றார். வழக்கமாகக் கங்காணி முன்னிலையில் நானே மருந்து கலப்பேன். அன்று பம்பு நிரப்பியே வந்தது. வாடையும் புதிதாக இருந்தது. காற்று கொட்டகைப் பக்கம் அடிக்கிறதே என்று இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். “நிறுத்தினா தொரை கேப்பாரு. நீ அடி லா” என்றார். அடித்தேன். அதை நான் மறுக்கவில்லை.

3. சற்று நேரத்தில் நான்கு பிள்ளைகள் இருமி வாந்தியெடுத்தனர். மூவர் தேறினர். நாகப்பனின் இரண்டு வயது மகள் கோமளா இன்றும் தாப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறுகிறாள்.

4. நான் மருந்தை அதிகம் கலந்துவிட்டதாகக் கிராணி சொல்கிறார். அப்படியானால் திங்கட்கிழமைக்குள் அங்கிருந்த மண்ணைச் சுரண்டிக் கல் கொட்டியது ஏன்? மருந்து டின் எங்கே? தவறு என் கையில் என்றால், இயந்திரத்தை மலைப்பக்கம் திருப்பி வைத்தது எதற்கு? ஸ்டோரைச் சுத்தம் செய்ததாகக் கூறுகிறார். இருக்கலாம். ஆனால் ஓராண்டாகச் செய்யாத சுத்தம் அது.

5. திங்கட்கிழமை கிராணி ஆங்கிலத்தில் எழுதிய தாளில் என்னைக் கைநாட்டு வைக்கச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “சும்மா ரிப்போர்ட்டுதான்” என்றார். மறுத்தேன். மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை. தோட்டத்தில் யாரை நம்புவதென்று தெரியாததால், கடைக்காரர் சாகுல் ஹமீது அவர்களிடம் சொல்லி இதை எழுதுவிக்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்.

6. முன்கூட்டி அறிவிக்காமல் தாங்கள் நேரில் வந்து விசாரிக்க வேண்டுகிறேன். என் வேலை பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என்ன மருந்து என்று ஆஸ்பத்திரி டாக்டர் மூன்று முறை ஆள் விட்டுக் கேட்டும் கிராணி தெரியாதென்கிறார். ஐயா, இம்மனு கிடைத்தவுடன் முதலில் அந்த மருந்தின் பெயரைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். அந்தக் குழந்தைக்கு அது இன்றே வேண்டும்.

இடம்: கம்போங் ராஜா
நாள்: 9-3-1983

இப்படிக்கு,
அம்மாக்கண்ணு
(இடது கைப் பெருவிரல் ரேகை)