ஆட்டம் இல்லாத மூவாயிரம் பெட்டி

மார்ச் 5, 2012, திங்கள்
காலைக் கூட்டத்தில் பதினொரு பேர் முன்னால் மானம் போயிற்று. என் மகள் கயோ, தான் உருவாக்கிய புது ஆட்டத்தைத் தன் போனில் போட்டு என் கையில் கொடுத்தாள். அது பாடத் தொடங்கியதும் காதில் வைத்து, "மோஷி மோஷி, உகிதா பேசறேன்" என்றேன். குனிந்து வணக்கம் வேறு.

ஒசாகாவில் இருபத்திரண்டு வருடமாக வீடியோ கேம் வெளியிடும் முதலாளியின் லட்சணம் இது.

மார்ச் 6
"நேரா போன்லயே வித்துடலாம்ப்பா. கடையே வேணாம்," என்கிறாள் கயோ.

கடையே வேண்டாமா? எங்கள் பெட்டியை இத்தனை வருடம் முன்வரிசையில் அடுக்கிய நிப்பொன்பாஷிக் கடைத்தெருக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? போனில் விற்கும் படிவத்தில் முதலாளி முத்திரை வேண்டும். குத்த மாட்டேன் என்றேன். பெட்டிதான். உள்ளே ஆட்டத்தைப் போனில் இறக்கிக்கொள்ள ஓர் எண் அச்சிட்ட சீட்டு, எண்பது பக்கக் கையேடு, ஆடியவர் கருத்து எழுதி அனுப்பத் தபால் அட்டை. மூவாயிரம் பெட்டி.

"பெட்டி போகலன்னா நான் டோக்கியோ கிளம்பிடுவேன். போன் ஆட்டம் பண்ற கம்பெனி ஒண்ணு கூப்பிட்டிருக்கு. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் அம்மாவும் அப்படித்தான். சிரித்தால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

மார்ச் 22, வியாழன்
வெளியீட்டு நாள். சிவப்பு மேலங்கி மாட்டிக்கொண்டு நிப்பொன்பாஷியில் என் பழைய கூட்டாளி டொயாமாவின் கடை வாசலில் நின்று கூவினேன். டொயாமா ஒரு பெட்டியை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தான்.

"என்னய்யா உகிதா, சத்தமே வரல? உள்ள காத்தா?"

"எண்பது பக்கக் கையேடு இருக்குய்யா!"

"அது இருக்கட்டும், ஆட்டம் எங்க?"

"ஆட்டம்... வானத்துல இருக்கு."

"அப்ப பெட்டியையும் அங்கயே வித்துக்க."

விற்றது நான்கு. அதில் ஒன்றை வாங்கியவன் நான்.

மார்ச் 23
ஒன்றுகூடப் போகவில்லை. மழைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். வெயில் கொளுத்தியது.

மார்ச் 29, வியாழன்
மொத்தம் ஒன்பது. டோக்கியோவுக்குக் கயோ பதில் சொல்ல இன்னும் இரண்டே நாள். போய்விடுவாளோ?

மத்தியானம் டொயாமா தலையைச் சொறிந்துகொண்டே ஆபீசுக்கு வந்தான்.

"கோவிச்சுக்காதய்யா. அடுத்த மாசத்துலேருந்து பாதிக் கடைல போன் உறைதான் விக்கப்போறேன். ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஆறு மாசமா தூக்கமில்ல."

"அடப்பாவி! ஒன் மனசு நோகக் கூடாதுன்னுதானய்யா நான் பெட்டியே போட்டேன்!"

இரண்டு கிழங்களும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சுடச்சுடத் தாக்கோயாகி உருண்டை, அவன் செலவு. வாய் வெந்தது.

மார்ச் 30, வெள்ளி
காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "எம்மேலதான் தப்பு" என்றேன். முதலாளி முத்திரையை இரண்டு கையாலும் ஏந்தி, தலை தாழ்த்திக் கயோவிடம் நீட்டினேன்.

"இனிமே நீயே குத்தும்மா. இல்ல, டோக்கியோதான்னா அதுவும் உன் இஷ்டம்."

முத்திரையை வாங்கிக்கொண்டாள். போனில் விற்கும் படிவத்தில் அழுத்திக் குத்தினாள். கோணலாக விழுந்தது. பதினொரு பேரும் கைதட்டினார்கள்.

"டோக்கியோக்கு வரலன்னு எழுதிப் போட்டுடறேன், மாஜி முதலாளி!"

சாயங்காலம் விளக்கணைக்கும்போது மெல்லக் கேட்டாள்: "நெசமாச் சொல்லுப்பா. ஆட்டம் எப்படி இருக்கு?"

"எழுத்துதான் ரொம்பப் பொடிசு," என்றேன்.

நான் வாங்கிய பெட்டியின் எண்ணைப் போட்டு, வீடு திரும்பும் ரயிலில் ஆடிக்கொண்டே, மூன்று நாள் என் ஸ்டேஷனான இபராகியில் இறங்க மறந்து கியோட்டோவரை போய்த் திரும்பியதை மட்டும் சொல்லவில்லை.