நாற்பத்தாறு கிணறுகள்

உமது மாணவியின் மின்னஞ்சல் முந்தாநாள் வந்தது. நீர் நோயால் காலமாகிவிட்டீர் என்றும், கடைசி நாள்களில் அதிகம் துன்பப்படவில்லை என்றும் எழுதியிருந்தாள். வாசித்துவிட்டு நிலவறைக்கு இறங்கினேன். பனிக்காலச் சப்பாத்துகளுக்குப் பின்னால் அந்த நீலக் கொப்பி கிடந்தது. அமிலம் தெறித்து ஓட்டையான அட்டை. உள்ளே என் கையெழுத்தில், கிணறு கிணறாக இலக்கங்கள்.

நாம் இருவரும் பேசியது அரைகுறை டேனிஷும் ஆங்கிலமும். எனக்கோ எல்லாம் தமிழில்தான் நினைவிருக்கிறது. ஆகையால் உமது பேச்சையும் என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். 'அண்ணை' என்ற சொல்லை மட்டும் நீர் உண்மையாகவே தமிழில் சொன்னீர். எங்கள் பெடியள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டீர். நான் திருத்தவில்லை.

டேனிஷ் நகரமான ஒடென்சேயில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் குடுவை கழுவுபவன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூட உதவியாளனாக இருந்தவன் என்று தெரிந்தபின் கரைசல் தயாரிக்கவும் விட்டார்கள். நீர் அந்நிய இராணுவத்தின் பிடியிலிருந்த மேற்குக் கரையிலிருந்து வந்த இரசாயனவியல் விரிவுரையாளர். உமது பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்கு மேல் படிக்க வழியில்லை. மேலே படிக்க வெளியே போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அதனால் அங்கேயே ஒரு முதுமாணிப் படிப்பைத் தொடங்குவதென்று இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து திட்டம் போட்டிருந்தன. மாணவரை ஆராய்ச்சியில் வழிநடத்தப் பழகிக்கொண்டு போக வந்த முதல் ஆள் நீர். உமது ஊர்ப்பக்கத்து நாற்பத்தாறு கிணறுகளின் தண்ணீரில் எவ்வளவு நைட்ரேட் இருக்கிறது என்று அளப்பது உமது ஆய்வு. எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது என்று அந்தத் தாய்மாருக்குச் சொல்லவேண்டும் என்பீர்.

நீர் வந்த சில மாதங்களில் உமது பல்கலைக்கழகத்தை இராணுவம் மூடிவிட்டது. அந்தக் கிணறுகளில் மழைக்குப் பின் எடுத்த தண்ணீரை நம் ஆய்வுகூடப் பேராசிரியர் நேரில் போய்க் கொண்டுவந்தபோது, உமது பயண அனுமதியில் பதினொரு நாள்களே மிச்சம். அதற்குள் திரும்பாவிட்டால் ஊர் திரும்பும் உரிமையே போய்விடலாம்.

அதில் ஆறாம் நாள் பேராசிரியர் உம்மிடம் வந்தார். இங்கேயே தங்கிக் கலாநிதிப் பட்டம் செய்யலாம் என்றும், கணவரையும் இரண்டு மகன்மாரையும் கூப்பிடத் தானே கடிதம் தருவதாகவும் சொன்னார். நீர் நன்றி சொல்லி மறுத்தீர். அவர் போனதும் என்னால் பொறுக்கமுடியவில்லை.

"நிண்டால் என்ன? அங்க பூட்டிக் கிடக்கு. ஆருக்குப் படிப்பிக்கப் போறீர்?"

"ஏழு பேர் காத்துக்கொண்டிருக்கினம், அண்ணை. என்ர வீட்டில இருத்திப் படிப்பிப்பன்."

"பிடிச்சால்?"

"பிடிக்கட்டும். நானும் இங்க நிண்டிட்டால், பிறகு அங்க ஆர் தொடங்குறது?"

என் மனைவியும் நான்கு வயது மகளும் அப்போது யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்குப் பயந்து வீடு மாறி வீடு மாறி இருந்தார்கள். குடும்ப இணைப்புக்கு நான் விண்ணப்பித்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. அந்த எரிச்சல் எல்லாம் உம்மேல் திரும்பியது.

"என்ர மனிசி பிள்ளையைக் கூப்பிட நான் இஞ்ச ஆற்ற காலிலயும் விழுவன். உமக்குக் கையில வைச்சுத் தருகினம், வேண்டாம் எண்டுறீர். உமக்குப் பிள்ளையளில பாசம் இல்லை."

கையிலிருந்த அளவுக் குழாயைக் கீழே வைத்தீர். பின் மறுபடி எடுத்து அடுத்த கிணற்றை அளந்தீர். பிறகு இரண்டு நாள் வேலை மட்டும்தான். நீர் அளந்தீர், இலக்கங்களை உமது கொப்பியிலும் என் நீலக் கொப்பியிலும் நான் எழுதினேன். முப்பத்தோராவது கிணற்றில் அளக்கும் கருவியின் விளக்கு எரிந்துபோனது. கோபன்ஹேகனிலிருந்து வேறு விளக்கு வரும்வரை ஒரு முழுநாள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

அன்றுதான் குடிவரவு அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நான் அதையே திரும்பத் திரும்ப வாசிப்பதைக் கண்டு நீர் எழுந்து வந்தீர். "தாங்கோ" என்று வாங்கி வாசித்தீர்.

"இது மறுமொழி இல்லை, அண்ணை. பரிசீலனையில இருக்கெண்டு மூண்டாம் தரமும் அதே வசனம். ஏன் எண்டு எழுத்தில கேளுங்கோ."

இந்த இழுத்தடிப்பைப் பற்றித் தமிழர்களிடம் கையெழுத்து வாங்கி முறைப்பாடு செய்ய ஒரு சட்டத்தரணி முயன்றுகொண்டிருந்தார். நான் பயந்து விலகியிருந்தேன்.

"என்ர பேரை அதில கண்டால் என்ர ஃபைலைத் தூக்கிக் குப்பையில போட்டிடுவினம்."

"இப்ப மட்டும் அது எங்க கிடக்கு?" என்று கேட்டீர்.

அடுத்த நாள் போய்க் கையெழுத்திட்டேன்.

கடைசிக் கிணற்றை நீர் புறப்படும் காலையில் அளந்து முடித்தோம். மன்னிப்புக் கேட்க நினைத்தபடியே புகையிரத நிலையம் வரை வந்தேன். மேடையில் நேரம் போதவில்லை. வாய்க்கும் துணிவு போதவில்லை.

மூன்று மாதம் உம்மிடமிருந்து ஒரு சொல் இல்லை. பிறகு அங்கே போய்வந்த டேனிஷ் ஆசிரியை ஒரு துண்டுக் கடிதம் கொண்டுவந்தார். எல்லையில் உம்மை நாள் முழுக்க இருத்தி விசாரித்திருக்கிறார்கள். கொப்பியைப் பறித்துவிட்டார்கள். "உங்கட கொப்பி இருக்கோ, அண்ணை?" என்று முடித்திருந்தீர். இருந்தது. நாற்பத்தாறு கிணறுகளையும் ஒரு இலக்கம் பிசகாமல் பார்த்தெழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அடுத்த பயணத்தில் அவர் அதைப் பெட்டியில் சட்டைகளுக்கிடையே வைத்து உம்மிடம் சேர்த்தார். அந்த ஏழு பேரும் உமது வீட்டு நிலத்தில் உட்கார்ந்து அந்த இலக்கங்களை வைத்தே ஆராய்ச்சி பழகினார்கள் என்று அவர் வந்து சொன்னார். அவர்களில் ஐந்து பேர் பின்னர் முதுமாணிப் பட்டம் பெற்றார்கள்.

என் மனைவியும் மகளும் மறுவருடம் வந்து சேர்ந்தார்கள். எங்கள் விண்ணப்பங்களை நீதி அமைச்சரே வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. தமிழர் வழக்கு என்று பெயர் பெற்று, அது அரசையே வீழ்த்தியது. என் கையெழுத்தால் ஏதாவது ஆனதா, தெரியாது. கையெழுத்திட்ட நாளிலிருந்து தலை நிமிர்ந்து நடந்தேன் என்பது தெரியும்.

பல வருடங்கள் கழித்து, கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் உமது மாணவி ஒருத்தியை அழைத்துக்கொண்டு ஒடென்சே வந்தீர். எங்கள் வீட்டில் சாப்பிட்டீர். மனைவி குசினிக்குள் போன நேரம் பார்த்து, அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். நீர் சிரித்து மழுப்பவில்லை.

"அண்டைக்கு நீங்கள் சொன்னதை என்ர மூத்தவனும் பிறகு ஒருநாள் என்னட்டைக் கேட்டவன், அண்ணை. அவன் சிறையில இருந்து வந்த கிழமை. ஏன் எங்களை அங்க கூப்பிடேல்லை எண்டு. அவனுக்குச் சொல்ல என்னட்டை இன்னும் மறுமொழி இல்லை."

மனைவி தேநீரோடு வந்துவிட்டாள்.

நீர் திரும்பிப் போனது சரியா என்று அதன்பின் நான் எடைபோட்டதில்லை. ஒன்று மட்டும் என்னோடு தங்கிவிட்டது. போன வருடம் என் மகள் ஆறு மாத மருத்துவ வேலைக்குக் கிறீன்லாந்து புறப்பட்டாள். மூன்று வயதுப் பிள்ளையைக் கணவனிடம் விட்டுப் போகும் பயணம். மனைவி என்னை இடித்தாள்: "ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன். பிள்ளையை நினைக்காமல் போறாள்."

அந்தச் சொல் என் வாய்வரை வந்தது. அன்று உமக்குச் சொன்ன அதே சொல். விழுங்கிவிட்டு, மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.