மூன்று பாட்டில்களும் அம்மாவின் மூக்கும்

என் அருமை அண்ணா,

ஒரு வருசம் கழித்து உனக்கு எழுதுகிறேன். நீ போனபோது எனக்கு நாலு மாசம். இப்போது என் மகள் யாழினிக்கு ஏழு மாசம் முடியப் போகிறது. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறாள். தூங்குகிற பிள்ளையின் மூக்குக்கு நேரே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் எவ்வளவு கேலி செய்திருப்பாய்?

இந்தக் கடிதத்தை உன் வருச நினைவு மலரில் அச்சடிக்கக் கொடுக்கிறேன். உறவுக்காரர்கள் படிக்க வேண்டும் என்றுதான். விஷயம் உன்னுடைய மூன்று பாட்டில்கள்.

போன வாரம் பெரியநாயக்கன்பாளையத்து வீட்டில் அம்மா உன் அறையை ஒழித்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியில், உன் கம்பளிச் சட்டைகளுக்குள் அவை படுத்துக் கிடந்தன. மூன்று விடுமுறைகளில் ஒவ்வொன்றாக நீ கொண்டுவந்தவை. மூன்றும் பிரான்ஸில் போர்தோ பக்கத்துச் சிவப்பு ஒயின்; மார்கோ, பொமெரோல், போயாக் என்று ஊருக்கு ஒன்று. மூன்றும் இரண்டாயிரமாவது ஆண்டு அறுவடை. "வெயிலும் மழையும் சொல்லி வெச்ச மாதிரி வந்த வருசம்" என்று அதைப் பற்றி என்னிடம் போனில் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! மூன்றையும் ஒரே நாளில் திறந்து, எது நன்றாக வயதாகியிருக்கிறது என்று நாம் இருவரும் ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தது. எனக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளி வைத்தோம்.

அம்மா உடனே போன் செய்தார்.

"அம்மணி, உங்கண்ணன் ஊட்டுக்குள்ளயே சரக்கு வெச்சிருந்திருக்கானாட்ட. கக்கூசுல ஊத்திப்போடறேன்."

"தொடாதீங்கம்மா. நான் வர்ற வரைக்கும் அப்படியே கெடக்கட்டுங்க."

யாழினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அம்மாவின் கோபம் எனக்குப் புரிந்தது. அதற்கு அடியில் இருந்தது பயம். கப்பலில் விருந்தாளிகளுக்கு எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சுவைத்துத் தேர்ந்து ஊற்றிக் கொடுப்பதுதான் உன் வேலை என்பது ஊருக்குத் தெரியும். மேட்டுப்பாளையம் ரோட்டில் சிக்னல் போடாமல் திரும்பிய லாரியில் நீ மோதிய அன்றைக்கு, உன்னை வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள்ளேயே கூடத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. "சரக்கு ஊத்தற வேலைதானுங்களே. போட்டுட்டுத்தான் வண்டிய எடுத்திருப்பான்."

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உன் உடம்பில் மது இல்லை என்று தெளிவாக இருந்தது. அம்மா அதை நம்பவில்லை. "காயிதந்தான கண்ணு. பேரு கெட்டுப் போகக் கூடாதுன்னு உங்கப்பா யாரையாவது புடிச்சு மாத்தி எழுதி வாங்கியிருப்பாரு." ஒரு வருசமாக இந்தச் சந்தேகத்தோடுதான் உன் பேரைச் சொல்லி அழுதார்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கூடத்தில் அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்தது. உன் வேலையைப் பற்றி அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு முடிந்து அப்பா லேத்துப் பட்டறைக்குப் போயிருந்தார். பாட்டில்களை அம்மா நடையில் நிறுத்தி வைத்திருந்தார். யாழினியைச் சேலைத் தொட்டிலில் போட்டுத் தூங்க வைத்தேன்.

"ஒரு மணி நேரம் குடுங்கம்மா. அண்ணன் என்ன வேலை பாத்தான்னு காட்டறேன். அப்புறம் எங்க வேணும்னாலும் ஊத்துங்க."

"குடிச்சா காட்டப் போற? பால் குடுக்கறவ நீ!"

"குடிக்கலீங்க. வாயில வெச்சுத் துப்பறது."

"துப்பறதுக்கு எதுக்கு வாயில வெக்கோணும்?"

இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? நீ ஒயின் குறிப்புகள் எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். உறவுக்காரர்கள் வந்தால் ஜூஸ் கொடுக்கிற கண்ணாடி டம்ளர்கள் ஆறு, துப்புவதற்கு ஒரு வாளி, வாய் கொப்பளிக்க ஒரு சொம்புத் தண்ணீர்.

முதலில் மார்கோ. அங்கேயே தப்பு செய்துவிட்டேன். யாழினியின் காய்ச்சல் மருந்தைக் குலுக்கிக் குலுக்கியே பழகிய கை. பாட்டிலை எடுத்தேன், நன்றாக நாலு குலுக்குக் குலுக்கினேன், அதற்குப் பிறகுதான் கார்க்கைத் திருகினேன். கார்க் பாதியில் உடைந்தது. டீ வடிகட்டியில் வடித்து ஊற்றினால் டம்ளரில் சேறு மாதிரி கலங்கலாக நிற்கிறது.

"என்ன அம்மணி, காப்பித்தூளாட்ட இருக்குது? இதையா காசு குடுத்து வாங்கறாங்க?"

நோட்டைப் புரட்டினேன். இருபது வருசத்துக்கு மேலான ஒயினில் வண்டல் அடியில் தங்கியிருக்கும், ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்து அசைக்காமல் ஊற்ற வேண்டும் என்று கொட்டை எழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். மன்னித்துவிடு. வடிகட்டியதை ஒரு ஜக்கில் ஊற்றித் தெளியட்டும் என்று ஓரமாக வைத்தேன்.

அடுத்தது பொமெரோல். மூன்றில் இதுதான் ஜெயிக்கும் என்று நீ எழுதி வைத்திருந்தாய். இந்தத் தடவை குலுக்கவில்லை. நிறம் அழகாக இருந்தது. ஓரத்தில் செங்கல் நிறம் வந்திருந்தது. ஆனால் முகர்ந்தால் எனக்கு ஒன்றும் வரவில்லை. அம்மா தள்ளி நின்றபடியே மூக்கைச் சுருக்கினார்.

"நனைஞ்ச சாக்கு. கடலைச் சாக்கு மழையில நனைஞ்சு, மூணு நாள் மூலையில கெடந்தா வருமே, அதேதான்."

திரும்ப முகர்ந்தேன். சாக்கேதான். கார்க்கில் கோளாறு இருந்தால் இந்த வாசம் வரும் என்று உன் நோட்டில் ஒரு பக்கமே இருக்கிறது. உன் கணிப்பு போச்சு, அண்ணா.

மூன்றாவதாக போயாக். டம்ளரைச் சுழற்றி நீட்டினேன். அம்மா இந்தத் தடவை அதைக் கையில் வாங்கிக்கொண்டார். கண்ணை மூடி மெதுவாக இழுத்தார்.

"பொகையிலை." இன்னொரு தரம் இழுத்தார். "பச்சைப் பொகையிலை இல்ல. கோபியில எங்கூட்டுல காய வெச்சு, பாடம் பண்ணி, கட்டி அடுக்கி வெச்சிருப்பாங்க பாரு, அந்தக் கொட்டாய்க்குள்ள போனா வர்ற வாசம். கூடவே புதுசாச் சீவுன பென்சிலாட்ட ஒண்ணு."

உன் நோட்டில் போயாக்குக்கு நேரே 'புகையிலை, தேவதாரு, பென்சில்' என்று இருந்தது. நான் அதைப் படித்துக் காட்டினேன். அம்மா ஒரு வாய் எடுத்து, கன்னத்தில் ஒதுக்கி, வாளியின் நடுவில் ஒரு சொட்டு சிந்தாமல் துப்பினார். என் தாவணியில் ஏற்கெனவே மூன்று இடத்தில் கறை... தாவணி என்று எழுதிவிட்டேன், துப்பட்டாவில்.

"எப்படீங்கம்மா?"

"இருபது வருசம் வெத்தலை பொகையிலை போட்டவளுக்குத் துப்பத் தெரியாதா?" என்றவர், நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். "கடுக்காயாட்டத் துவர்ப்பு. ஆனா நாக்கைக் கவ்விப் புடிக்கல. ஆறிப் போன துவர்ப்பு."

அரை மணியில் மார்கோ ஜக்கில் ஓரளவு தெளிந்தது. மேலாக ஊற்றினேன். அதில் காய்ந்த ரோசாப்பூ வாசம் வந்தது. அது எனக்கே தெரிந்தது. இரண்டும் ஒரே ஆற்றங்கரை ஒயின்தான், ஊர்தான் வேறு என்று சொன்னேன். அம்மாவுக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை. "பக்கத்துப் பக்கத்துக் காட்டு மஞ்சளே ஒண்ணாட்ட இருக்காது" என்றார். எனக்குப் பிடித்தது போயாக். அம்மாவுக்கு மார்கோ. "நீ குலுக்காம இருந்திருந்தா இதுதான் முந்தியிருக்கும்" என்று ஒரு குத்தும் குத்தினார்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்தபோது அம்மா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் இப்படித்தான் பண்ணுவானா?"

"சில நாள் இருபது, முப்பது பாட்டில் இருக்குமுங்க. எல்லாத்தையும் துப்பிடுவான். முழுங்குனா மூணாவதுலயே நாக்கு ஏமாத்திரும்னு எழுதி வெச்சிருக்கான் பாருங்க."

அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல ஆரம்பித்தார்.

"அன்னிக்குக் கெளம்பறப்ப மோர் குடுத்தேன். குடிச்சுப்போட்டு, குனிஞ்சு நெத்திய நீட்டுனான், துண்ணூறு வெச்சு உட்டேன். மூஞ்சிக்கு நேரா நின்னு 'வாரேன்மா'ன்னு சொன்னான்." அம்மாவின் கை உன் நெற்றி இருந்த உயரத்துக்கு எழுந்தது. "சோப்பு வாசம். மோர்ல போட்ட கறிவேப்பிலை வாசம். வேற ஒண்ணுமே இல்ல கண்ணு. அவத்த தள்ளி நின்னே நனைஞ்ச சாக்கு தெரிஞ்ச மூக்குக்கு, இது தெரியாமயா போயிருக்கும்?"

வீட்டை விட்டுக் கிளம்பிக் கால் மணி நேரத்தில் அந்த லாரி. நடுவில் நீ எங்கேயும் நிற்கவில்லை. நேரம் கணக்குக்குச் சரியாக இருக்கிறது. அறிக்கையும் இதைத்தான் சொன்னது. ஆனால் அம்மாவுக்குத் தன் மூக்கு சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா அழுதார். போன வருசம் அழுத அழுகை மாதிரி இல்லை. சத்தத்தில் யாழினி எழுந்துவிட்டாள். பால் கொடுப்பதற்கு முன்னால் நான் இன்னும் இரண்டு தடவை வாய் கொப்பளித்தேன். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை என்று தெரியும். தெரிந்தாலும் பயம் போவதில்லை.

பொமெரோல் கக்கூசுக்குத்தான் போனது. மற்ற இரண்டிலும் மிச்சமிருந்ததை அம்மா முருங்கை மரத்தடியில் ஊற்றி, பாட்டில்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காலை கோபியிலிருந்து பெரியம்மா வந்தார். வந்ததும் கண்ணில் பட்டவை பாட்டில்கள்.

"ஏந் தங்கச்சி, பையன் குடிச்சு வெச்ச மிச்சமா? தூக்கிப் போடறதுக்கென்ன?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா காப்பி ஆற்றுவதை நிறுத்தவே இல்லை.

"என்ற பையன் குடிக்கற வேலை பாக்கலீங்கக்கா. மோந்து பாத்துத் துப்பற வேலை பாத்தான்."

"துப்பறதுக்கா சம்பளம்?"

"ஆமாங்க. உங்களையாட்ட ஆளுக்குக் குடுக்க மாட்டாங்க. உங்களுக்கு மூக்குப் பத்தாது."

பெரியம்மா காப்பியை வாங்கிக் குடித்தார். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இதைப் படித்தால் அவருக்கு வருத்தம் வரலாம். பெரியம்மா, வருத்தம் வந்தால் வீட்டுக்கு வாங்க, அம்மாவே உட்கார வைத்து விளக்குவார்.

அண்ணா, அம்மா முந்திக்கொண்டார். அடுத்த தடவை நான் முந்திக்கொள்வேன். உன்னைப் பற்றி யார், எந்த விசேசத்தில், எந்தப் பந்தியில் அப்படிப் பேசினாலும், இலையில் கை வைத்திருந்தாலும் எழுந்து நின்று பதில் சொல்வேன். யாழினி பெரியவளாகி மாமா எப்படிச் செத்தார் என்று கேட்டால், லாரியில் மோதி என்று சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை யாரும் சேர்க்க விட மாட்டேன். இது சத்தியம்.

அன்றைக்குப் பேசாமல் இருந்து, இன்றைக்குப் பேசுகிற
உன் தங்கச்சி,
யாழினியின் அம்மா