நம் வீட்டுப் புளியமரம் ஊராட்சிச் சின்னமான கதை

அன்பு மகன் மாதேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை பாஞ்சாலியும் இங்கே நலம். நீ மெல்போர்னில் நலமாக இருக்கிறாய் என்பது கிராம சபைத் திரையில் உன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பொங்கலுக்குக்கூடப் பெற்றவளுக்கு ஒரு ஃபோன் இல்லை, ஊருக்குப் பேச மட்டும் உனக்கு நேரம் இருந்திருக்கிறது. ஃபோனில் கத்தினால் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் சபை கூடியது. நம் ஊராட்சிக்கென்று ஒரு மரத்தைச் சின்னமாக வைக்க வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று தலைவர் பானுமதி சொன்னாள். சிலர் வேம்பு என்றார்கள், சிலர் பனை என்றார்கள், பனைதான் ஏற்கெனவே மாநிலத்துக்கே மரமாயிற்றே என்று அதைத் தள்ளினார்கள், அப்புறம் உன் வீடியோவைப் போட்டார்கள். நம் வீட்டுப் புளியமரத்தைக் காட்டி, இது என் அம்மா பிள்ளை மாதிரி வளர்த்த மரம், இதுதான் நம் மண்ணின் அடையாளம் என்று பேசினாய். சனம் கைதட்டியது. அது உன் தாத்தா காலத்து மரம், நான் வளர்த்ததில்லை, அந்தப் பொய்யையாவது மன்னித்துவிடுவேன். அத்தனை பேச்சில் உன் அப்பா எங்கே போனார்?

நான் எழுந்து நின்றேன். "என் வூட்டுக்காரரு புளி உலுக்க ஏறி அந்த மரத்துல இருந்து விழுந்துதானுங்க செத்தாரு. அத வெட்டறதுக்குப் பென்னாகரத்துல ஆள் சொல்லி வெச்சிருக்கறேன், அதப் போயி சின்னம்ங்கறீங்களே" என்றேன். பானுமதி தலையைக் குனிந்துகொண்டு, "உங்க பையனே கேக்கறாருங்க அக்கா, நுழைவு வளைவுல படமும் வரைஞ்சாச்சு, இனி எப்படிங்க மாத்தறது" என்றாள். மகனே சொன்ன பிறகு இந்தம்மாவுக்கு என்ன என்று பின்னால் எவனோ சொன்னதும் காதில் விழுந்தது. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் உன் அப்பா விழுந்த அன்றைக்கு அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய பக்கத்து வயல்காட்டுக் கிருஷ்ணப்பனும் ஒருவர்.

மறுநாள் மரத்தில் அடிக்கப் பலகை கொண்டுவந்தார்கள். ஊராட்சி மரம் என்று பெரிதாக, கீழே உபயம் என்று போட்டு உன் பெயர். அதைப் பார்த்ததும் பென்னாகரத்து ஆட்களை உடனே வரச் சொன்னேன். அறுக்கும் வாள் மரத்தில் பாதி இறங்கும்போது பானுமதி ஓடி வந்து, "ஊர்த் தீர்மானத்த மீறறீங்க" என்று கத்தினாள். "தீர்மானம் ஊரோடதுங்க, பட்டா என்னுது" என்றேன். கிருஷ்ணப்பன் வந்து வேலியோரம் நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை, மரம் சாய்ந்த பிறகு கிளைகளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அம்மாவுக்குப் பைத்தியமா, என் மானம் போய்விட்டது என்று பாஞ்சாலிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். நீ அப்பாவின் காரியம் முடியும்வரைகூட இங்கே இல்லாமல் விமானம் ஏறினவன். அங்கே உட்கார்ந்து அந்த மரத்தைப் படத்தில் பார்த்து நீ உருகலாம். நான் தினமும் வாசல் கூட்டும்போது அவர் விழுந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றிக் கூட்டினேன், அது உனக்குத் தெரியுமா. இப்போது ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் போகட்டும். வளைவில் வரைந்த மரம் இருக்கிறது, ஊருக்கு அது போதும்.

மாசியில் அப்பாவின் திதி வருகிறது. அன்றைக்காவது ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேசாமல் எனக்கு ஃபோன் செய். அங்கே இப்போது வெயில் காலமாமே, தலையை மூடிக்கொண்டு வெளியே போ. மருமகளுக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, நீயும் நன்றாக இரு, கோபத்திலும் எனக்கு வேறு மாதிரி வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. வந்தால் உனக்குச் சோறு உண்டு. ஆனால் வீட்டுக்குள் நுழையும் முன் அப்பா விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா.

கோபம் தீராத உன் அம்மா,
தீர்த்தம்மாள்