இரண்டு இசக்கியம்மாளுக்கு ஒரே மருத்துவப் பதிவு

அனுப்புநர்
மு. கலைமதி, பி.எஸ்சி. (வயது 46),
காப்பாளர், பணிபுரியும் மகளிர் விடுதி,
வல்லக்கோட்டை சாலை, ஒரகடம்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: தொழிலாளர் மருத்துவமனைக் கணினியில் இரு பெண்கள் ஒருவராகப் பதிவானது – ஒருவர் உயிர் பிழைத்தது – மற்றவருக்கு மருந்து நின்றுபோனது – வெள்ளிக்கிழமைக்குள் பிரித்துத் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் என் தவறை எழுதாமல் விட்டிருந்தேன். இதில் எழுதியிருக்கிறேன்.

1. எங்கள் விடுதியில் அறுபத்து நான்கு பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் தென் மாவட்டங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள். உடம்புக்கு முடியாதவர்களை அருகில் ஓர் அறக்கட்டளை நடத்தும் தொழிலாளர் மருத்துவமனைக்கு நானே அழைத்துச் செல்வேன். ஏப்ரல் வரை அங்கே காகிதச் சீட்டுதான். மே மாதம் எல்லாம் கணினிக்கு மாறியது.

2. மே 4, ஞாயிறு அன்று பதிவு செய்ய விடுதிக்கே வந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டும். ஆலைக்குள் கைப்பேசி கூடாது என்பதால், வேலைக்குப் போகும் பெண்கள் அதை அணைத்து என் பீரோவில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அன்று வேலைக்குப் போயிருந்த இருபத்து மூன்று பேருக்கும் என் எண்ணையே கொடுத்தேன். விவரங்களை விடுதிப் பதிவேட்டைப் பார்த்து வாசித்தேன். அந்தப் பெண்களில் யாரையும் நான் கேட்கவில்லை. பதிவு செய்ய வந்த யுவஸ்ரீ, "எல்லா ஹாஸ்டல்லயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா, நான் இந்நேரம் வூட்ல தூங்கிகினு இருப்பேன் மேடம்" என்று சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

3. அந்த இருபத்து மூன்று பேரில் இருவர் பெயர் இசக்கியம்மாள். விடுதியில் களக்காட்டு இசக்கி, வள்ளியூர் இசக்கி என்று ஊர் சேர்த்து அழைப்போம். அப்பா பெயர் ஒருவருக்கு மாசானம், மற்றவருக்கு மாடசாமி. இருவருக்கும் தலைப்பெழுத்து 'மா'. பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காக எழுதிய பிறந்த தேதியும் இருவருக்கும் ஒன்றே, 01.06.2003. ஒரே எண், ஒரே பெயர், ஒரே தேதி. கணினி இருவரையும் ஒருவராக எடுத்துக்கொண்டது. மூன்று மாதம் இது யாருக்கும் தெரியாது.

4. களக்காட்டு இசக்கிக்குப் பென்சிலின் ஊசி ஒவ்வாது. அவருடைய பழைய சீட்டின் தலைப்பில் செவிலியர் சாரதா அதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். கணினிக்கு மாற்றியபோது அந்த வரி ஏறவில்லை. ஆகஸ்ட் 19 அன்று அவர் தொண்டை வலியும் காய்ச்சலுமாகப் போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அந்த ஊசி எனக்குச் சேராதுல்லா சார், சின்னதுல போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கிட்டு" என்று அவர் சொன்னார். மருத்துவர் திரையைப் பார்த்தார். "போன மாசம் இதே ஊசி போட்டிருக்கேம்மா, ஒண்ணும் ஆகல. சும்மா பயப்படாத" என்றார். போன மாதம் போட்டுக்கொண்டவர் வள்ளியூர் இசக்கி. எனக்கும் குழப்பமாக இருந்தது. ஆனாலும் திரையில் எழுதியிருப்பதை நம்பி, "போட்டுக்கோம்மா" என்று நானும் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் உதடு தடித்து மூச்சு அடைத்தது. அப்போது ஓடிவந்து மாற்று ஊசி போட்டவர் சாரதாதான். 108-இல் ஏற்றி வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் கழித்துத்தான் இட்லி விண்டு சாப்பிட்டார்.

5. இருவரும் ஒரே பதிவில் இருப்பது அன்றுதான் தெரிந்தது; பிரித்துத் தரும்படி அடுத்த வாரமே கேட்டேன். ஒருமுறை சேர்ந்ததை இங்கே பிரிக்க முடியாது, மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம் என்று மருத்துவமனை மேலாளர் வேல்ராஜ் சொன்னார். அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. வள்ளியூர் இசக்கி வலிப்புக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுபவர். பிழைத்து வந்த களக்காட்டு இசக்கியிடம், "இந்த மாத்திரையெல்லாம் சாப்பிடுறியா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று அவர் உண்மையைச் சொன்னார். வலிப்பு மாத்திரையைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள். செப்டம்பர் 6 அன்று மாத்திரை வாங்கப் போன வள்ளியூர் இசக்கி வெறுங்கையோடு திரும்பினார். திரையில் இல்லாததை மருந்தகத்தில் தர மாட்டார்கள். மருத்துவரைப் பார்க்கப் போனால், வலிப்பு இல்லை என்று பதிவில் இருக்கிறது, பிரித்து வந்த பிறகுதான் எழுத முடியும் என்கிறார். வெளிக்கடையிலும் வேறு மருத்துவரிடமும் பழைய சீட்டைக் கேட்கிறார்கள். காகிதச் சீட்டுகளை மே மாதமே திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

6. அவரிடம் வியாழக்கிழமை வரைக்கும்தான் மாத்திரை இருக்கிறது. அவர் வேலை செய்வது தகடு அழுத்தும் எந்திரத்தில்.

7. இந்தக் கணினித் திட்டம் எப்படி நடக்கிறது என்று மதிப்பிட இம்மாதம் ஒரு குழு வருகிறது. பயனாளிகள் சார்பில் கையெழுத்திட என்னிடம் ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். காத்திருக்கும் நேரம் குறைந்ததா, ஊழியர் கனிவாகப் பேசினாரா என்று பதினெட்டு கேள்விகள் இருக்கின்றன. திரையில் இருப்பது எதிரே உட்கார்ந்திருப்பவருடைய பதிவுதானா என்று ஒரு கேள்வி இல்லை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட்டால் பிரித்துத் தருவது விரைவாகும் என்று வேல்ராஜ் சொல்வது எனக்கு அச்சமாக இருக்கிறது.

8. என் எண்ணில் இன்னும் இருபத்தொரு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் யார் மருத்துவமனைக்குப் போனாலும் பதிவைத் திறக்க என் கைப்பேசிக்குத்தான் ஓ.டி.பி. வருகிறது. யாருக்காகக் கேட்கிறார்கள் என்று அதில் இருப்பதில்லை. சொன்னால் யாருடைய பதிவு யாருக்குத் திறக்குமோ தெரியாது. சொல்லாவிட்டால் அங்கே ஒருத்தி காய்ச்சலோடு காத்திருப்பாள்.

ஆகவே, இருவர் பதிவையும் உடனே பிரிக்கவும், அதுவரை வள்ளியூர் இசக்கிக்குக் காகிதச் சீட்டில் மாத்திரை கொடுக்கவும், களக்காட்டு இசக்கியின் ஒவ்வாமையைக் காகிதச் சீட்டிலும் எழுதித் தரவும், இருபத்து மூன்று பேரின் பதிவையும் அவரவரை நேரில் கேட்டுச் சரிபார்க்கவும் ஆணையிட வேண்டுகிறேன். மே 4 அன்று நான் செய்ததற்கு விசாரணை வைத்தால் வருகிறேன்.

இரு பெண்களின் சம்மதத்தோடுதான் அவர்கள் நோயை எழுதியிருக்கிறேன். இந்த மனுவின் நகல் ஆலைக்குப் போகாமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வலிப்பு என்று தெரிந்தால் வள்ளியூர் இசக்கியின் வேலை போய்விடும். ஊரில் அவர் அனுப்புவதை நம்பி மூவர் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவருக்கு ஷிப்ட். நிறுத்திக்கொண்டால் சூப்பர்வைசர் காரணம் கேட்பார். அனுப்பினால் மாத்திரை இல்லாமல் அந்த எந்திரத்தின் முன் நிற்பார். அன்று ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வாசலில் வந்து நிற்கும்போது, அவரை ஏற்றி அனுப்புவதா வேண்டாமா என்பதை அதற்குள் எனக்குத் தெரிவித்து உதவுங்கள்.

இடம்: ஒரகடம்
நாள்: 08.09.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) மு. கலைமதி

இணைப்பு: மருத்துவமனையின் பெயர், முகவரி, 108-இல் கொண்டுபோன மருத்துவமனையின் வெளியேற்றச் சீட்டு நகல், விடுதிப் பதிவேட்டின் இரு பக்கங்கள், கையெழுத்திடாத படிவம்.